கிடங்கை லோரியில் ஏற்றும் முன்: காட்சியக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

ஜோர்ஜ்டவுனில் நீங்கள் நடத்தும் காட்சியகத்தின் பின்கட்டுக் கிடங்கில் உள்ளவற்றை "அடையாளம் தெரியாத அன்றாடப் பொருள்கள், காட்சி மதிப்பு இல்லை" என்று பட்டியலிட்டு, மறுசீரமைப்பு தொடங்குமுன் பழைய இரும்புக்காரரிடம் எடைபோட்டுக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைப் படித்தோம். முன்கூடத்தில் "புதுப்பித்து" வைத்திருப்பவற்றையும் பார்த்தோம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, அம்மி கொத்துவது, தகரம் பற்றவைப்பது, ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்தி தீட்டுவது எங்கள் தொழில். உங்கள் பட்டியலில் எங்களுக்கு அடையாளம் தெரியாத பொருள் ஒன்றுகூட இல்லை. கிடங்கு வாசலில் லோரி வந்து நிற்பதற்குள் அவை என்னென்ன என்று சொல்லிவிடுகிறோம்.

முதல் வரியில் "சதுரத் தகர டின்கள், துருப்பிடித்தவை" என்று இருக்கிறது. அவை மண்ணெண்ணெய் டின்கள். ஒன்றின் கொள்ளளவு 4 இம்பீரியல் காலன், ஏறக்குறைய 18 லிட்டர். மரப்பெட்டிக்கு இரண்டாகக் கப்பலில் வந்தன. எண்ணெய் தீர்ந்த அன்றே டின்னுக்கு அடுத்த வேலை தொடங்கிவிடும். மேல்தகட்டை வெட்டி, வாயின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து இரு பக்கமும் ஆணியடித்தால் தண்ணீர் வாளி. அப்படி இரண்டைத் தோளில் குறுக்கே வைக்கும் காண்டாக் கட்டையில் தொங்கவிட்டுத் தூக்கினால் தோளில் ஏறும் தண்ணீர் மட்டும் 36 கிலோ. அடித்தகட்டையும் நீக்கி மடிப்பைப் பிரித்துத் தட்டினால் கூரைக்கு ஒட்டுப் போடலாம், கோழிக்கூண்டுக்குச் சுவர் வைக்கலாம். உங்கள் கிடங்கில் உள்ள டின்கள் சிலவற்றில் வாய்க்கு அருகே எதிரெதிராக ஆணித்துளைகள் இருக்கும். பட்டியல் எழுதியவர் அதைச் சேதம் என்று குறித்திருக்கிறார். கைப்பிடி இருந்த இடம் அது.

இந்த டின் ஒரு பெரிய வணிகக் கணக்கையே தலைகீழாக்கியது. 1892-இல் 'மியூரெக்ஸ்' என்ற கப்பல், கருங்கடல் துறைமுகமான பாத்தூமில் மண்ணெண்ணெயைத் தன் தொட்டிகளிலேயே நிரப்பிக்கொண்டு, சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே வந்தது. சிங்கப்பூரை ஒட்டிய தீவிலும் பேங்காக்கிலும் சரக்கை இறக்கியது. அனுப்பியவர் லண்டன் வணிகர் மார்கஸ் சாமுவேல். பின்னாளில் ஷெல் என்று பெயர் பெற்ற நிறுவனம் அவருடையதுதான். டின்னும் பெட்டியும் இல்லாமல் மொத்தமாகக் கொண்டுவந்தால் செலவு குறையும், வாங்குகிறவர்கள் சொந்தப் பாத்திரம் எடுத்து வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு பொய்த்தது. போட்டியாளரான அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயில் நீல டின்னில் விற்றுக்கொண்டிருந்தது. ஆசிய வீடுகளுக்கு எண்ணெய் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு டின்னும் வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சாமுவேல் தகரத் தகட்டைக் கப்பலேற்றி அனுப்பி, கிழக்கிலேயே டின் அடிக்கச் செய்து, சிவப்புச் சாயம் பூசி விற்றார். உங்கள் டின்களின் மடிப்புகளுக்குள் சாயத் துணுக்குகள் மிஞ்சியிருக்கலாம். நீலமா சிவப்பா என்பதை மட்டும் வைத்து எந்த நிறுவனத்தினது என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் கேள்வி கேட்கவே வழியிருக்காது.

தேய்க்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரும்புத் தகட்டின் மேல் இருக்கும் ஈயப்பூச்சு, அதாவது வெள்ளீயப் பூச்சு, மிக மெல்லியது. துத்தநாகம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஈயம் அப்படிச் செய்யாது. கீறல் விழுந்த இடத்தில் இரும்புதான் முதலில் கரையும், அதுவும் பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாக. நீங்கள் ஒரு முறை தேய்த்தால், பினாங்கின் ஈரக்காற்று மீதி வேலையைச் செய்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, உலர்த்தி, மெழுகை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். எலுமிச்சையும் உப்பும் கிட்டேயே வரக் கூடாது. மடிப்புகளைப் பற்றவைத்த பொடியில் நச்சான காரீயம் கலந்திருக்கும் என்பதால், அலங்காரத்துக்குக்கூட இந்த டின்களில் அரிசியோ பிஸ்கட்டோ போட்டு வைக்காதீர்கள்.

இனி முன்கூடம். நுழைந்ததும் இடப்பக்கம் மேடையில் பளபளவென்று நிற்கும் பித்தளைக் குண்டானைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளிப்பக்கம் மினுக்கியதை மன்னிக்கலாம். உட்பக்கத்தையும் மஞ்சள் தெரியத் தேய்த்திருக்கிறீர்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது ஈயப்பூச்சு, அதாவது கலாய். அது இல்லாத பித்தளையில் புளி, தயிர், தக்காளி எதுவும் ஆகாது. செம்பு கரைந்து களிம்பு ஏறும். பூச்சுப் போட, பாத்திரத்தைப் புளியும் மணலும் கொண்டு துலக்கி, கரி அடுப்பில் துருத்தி ஊதிச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, ஈயக் குச்சியை உரசி, உருகி ஓடத் தொடங்கியதும் பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றிலும் பரப்ப வேண்டும். நவச்சாரம் வெள்ளையாகப் புகைந்து, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை எடுத்துவிடும். அது சரியாகப் படாத இடத்தில் ஈயம் ஒட்டாது. சூடு குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும், மிஞ்சினால் மஞ்சளடித்துப் போகும். பஞ்சு சுற்றிய தடம் பூச்சில் வளைவு வளைவாகத் தெரியும். எத்தனை முறை பூசினார்கள், எந்தப் பக்கம் கரண்டி அதிகம் உராய்ந்தது என்பதெல்லாம் அந்தச் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. இப்போது உங்களிடம் இருப்பது எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய ஒரு மஞ்சள் பாத்திரம்.

இதில் எங்களுக்குக் கூடுதலாக ஆத்திரம் வருவதற்கு இந்த ஊரே காரணம். பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில், அதாவது சுரங்கங்களில், தோண்டியது பினாங்குக்கு வந்துதான் உருகியது. டத்தோ கிராமாட் சாலையில் ஓர் உருக்காலை, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இன்னோர் உருக்காலை இருந்தன. 'ஸ்ட்ரெய்ட்ஸ் டின்' என்று சொன்னால் உலகச் சந்தையில் தூய ஈயம் என்று பொருள். சுரங்கத்தைப் பற்றிக் காட்சியகங்களில் பெரிய பெரிய படங்கள் மாட்டுகிறார்கள், சரிதான். அந்த உலோகம் சமையலறையில் என்ன வேலை செய்தது என்று காட்ட, தீவிலேயே பொருத்தமான சான்று உங்கள் குண்டானின் உட்சுவரில் இருந்தது.

அதற்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறது. அதன் குறிப்பட்டையில் காரீயப் பாத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள், நச்சு எச்சரிக்கையோடு. பார்க்க வரும் பிள்ளைகள், பாட்டிமார் குடும்பத்துக்கே நஞ்சு சமைத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். முறையாகச் செய்த ரசச்சொம்பு வெள்ளீயம். கலப்படம் செய்து காரீயம் சேர்த்தவர்களும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆகவே சோதித்துவிட்டு எழுதுங்கள் என்கிறோம். சோதனைக்குத் தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். சொம்பைக் காற்றில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காமல் பார்த்து நிறுங்கள். தூய வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, 730 கிராம் சொம்பு தண்ணீரில் 100 கிராம் குறையும். காரீயத்தின் அடர்த்தி 11.3, அதே எடைச் சொம்பு ஏறக்குறைய 65 கிராம்தான் குறையும். இடையில் எங்காவது நின்றால் கலப்படம். அப்போது பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். பொருளுக்கு ஒரு கீறலும் விழாது.

அந்தக் குறிப்பட்டையில் எழுதத் தகுந்த செய்தி வேறு இருக்கிறது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். அடுப்புத் தீயோ அதைவிடப் பல மடங்கு சூடு. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கண்ணெதிரே அடி ஒழுகிப் போகும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகு வைத்தால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சுவர் 100 பாகையைச் சுற்றியே நிற்கும். முதலில் நீர், பிறகு தீ. தீயின் நாக்கு நீர்மட்டத்துக்கு மேலே ஏறக் கூடாது. நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். இயற்பியல் பாடம் எதுவும் படிக்காத சமையலறைகள் தலைமுறை தலைமுறையாக இந்த ஒழுங்கைக் கைமாற்றி வந்திருக்கின்றன. உங்கள் சொம்பின் அடியில் ஒரு பக்கம் சரிந்து உருகிய தழும்பு இருக்கிறது. யாரோ ஒரு நாள் வரிசை மாறி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை நிமிர்த்திச் சரிசெய்யக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மிகளுக்கு வார்னிஷ் அடித்தது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. அம்மி அரைப்பது அதன் சொரசொரப்பால். அந்தச் சொரசொரப்பு கல்லுக்குத் தானாக வருவதில்லை. உளி வைத்துச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் பொட்டுப் பொட்டாகக் கொத்தி உண்டாக்குவது. மிளகாயும் மஞ்சளும் அரைபட அரைபட அது மழுங்கும். மசாலா வழுக்கத் தொடங்கினால் மறுபடி கொத்த வேண்டும். கொத்தியதும் நேரே மசாலா அரைக்கவும் கூடாது. ஊறிய பச்சரிசியைப் போட்டு, கல்தூள் நிறம் மாறி வெள்ளையாக வரும்வரை அரைத்து அரைத்துக் கொட்டிவிட்டு, கல்லுப்பு போட்டு ஒரு முறை இழுத்துக் கழுவிய பிறகே அது சமையலுக்கு ஆகும். வார்னிஷ் அந்தப் பொட்டுக் குழிகளை நிரப்பிவிட்டது. இப்போது அவை கறுத்துப் பளபளத்து ஏதோ ஓட்டல் முன்கூடத்து அலங்காரக் கல் மாதிரி நிற்கின்றன. போதாக்குறைக்கு குழவிகள் இடம் மாறியிருக்கின்றன. ஒரே அம்மியில் ஆண்டுக்கணக்கில் உருண்ட குழவி, அந்த அம்மியின் பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். வேறு அம்மியில் வைத்தால் நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சம் தெரியும். அந்த இடத்தில் எதுவும் மையாது. ஒவ்வொரு குழவியையும் ஒவ்வோர் அம்மியில் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் கசியாத இடம்தான் அதன் சொந்த வீடு. கிடங்குப் பட்டியலில் "தோட்ட அலங்காரத்துக்கான நெட்டைக் கல்" என்று எழுதியிருப்பது ஆட்டுக்கல் குழவி. ஆட்டுக்கல் வாசலில் பூச்செடி வளர்த்துக்கொண்டிருக்கிறது.

எனாமல் டிபன் கேரியர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. இரும்பு வளையும், கண்ணாடி வளையாது. அதனால் ஓரம் தட்டுப்பட்டால் சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தில் நகப்பூச்சு தடவி மறைத்திருக்கிறீர்கள். அதன் அடியில் துரு பரவிக்கொண்டிருக்கிறது. அசிட்டோனில் எடுத்துவிடலாம்.

கடைசியாக, எடைக்குப் போனால் திரும்பவே கிடைக்காத ஒன்று. பட்டியலில் "உடைந்த சிறு கத்திகள்" என்றும் "அழுக்கேறிய மண் கிண்ணங்கள்" என்றும் உள்ளவை. பால்வெட்டுக் கத்தியும் மங்கும்.

அந்தக் கத்திகள் உடையவில்லை. தீட்டித் தீட்டி அலகு கட்டையாகிவிட்டது. முனையில் மடித்த வாய் இருக்கிறது பாருங்கள், ரப்பர்த் தொழிலின் ரகசியமே அங்கேதான். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் 1876-இல் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. மரம் வந்தது, ஆனால் வெட்டும் முறை வரவில்லை. அமேசானில் சிறு கோடாலியால் கொத்துவார்கள். காயம் ஆழப் போய் மரம் கெடும். 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டப் பொறுப்புக்கு வந்த ரிட்லி, 1890-களில் வேறு முறை கண்டார். பட்டையில் சரிவாக ஒரு கோடு திறந்து, அடுத்த முறை புதுக் காயம் போடாமல் அதே கோட்டின் கீழ்விளிம்பை மெல்லியதாகச் சீவினால் பால் நிறையவும் வரும், மரமும் பிழைக்கும். காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைமார் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற தோட்ட முதலாளி ரப்பரை வணிக முறையில் நட்ட பிறகு நிலைமை மாறியது.

ரிட்லியின் பெயர் பாடநூலில் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் அந்தச் சீவலை விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் எடுத்த கைகளுக்கு இந்தக் கத்தியைத் தவிர வேறு சான்று கிடையாது. சீவல் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். மரத்தை வளர்க்கும் பச்சைப் படலத்துக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் காயம், அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் கத்தி ஓடாது. ஆழம் போதாவிட்டால் பால் குறையும், ஏனென்றால் பால் குழாய்கள் உட்பட்டையில்தான் அடர்த்தி. குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இடது மேலிருந்து வலது கீழாக, 30 பாகைச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். விடியுமுன் வெட்டுவது, அப்போதுதான் குழாய்க்குள் அழுத்தம் மிகுதி என்பதால். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் ஆண்டுக்கு 23 செண்டிமீட்டர் அளவுக்குப் பட்டை தீரும். மழுங்கிய கத்தி சீவாது, பிய்க்கும், பிய்ப்பதை ஈடுகட்டக் கை அழுத்தும், அழுத்தினால் காயம். அதனால்தான் தீட்டல். மடிப்பின் உட்பக்கத்துக்கு உருண்டைச் சாணைக்கல், வெளிப்பக்கத்துக்குத் தட்டைக் கல். கட்டையாகிப் போன அலகு, அது எத்தனை ஆயிரம் மரத்துக்கு நியாயமாக உழைத்தது என்பதற்கு அளவு.

மங்கின் உட்சுவரில் உள்ள மஞ்சள் படலமும் அழுக்கில்லை. காய்ந்த பால். ஒவ்வொரு முறையும் பால் எடுத்த பிறகு மங்கு துடைத்துக் கவிழ்க்க வேண்டும். பழைய பால் ஒட்டியிருந்தால் புதுப் பால் சீக்கிரம் உறைந்து கட்டிப்பாலாகிவிடும், அதற்கு விலை குறைவு. சுரண்டிவிட்டால் அது வெறும் மண் கிண்ணம். இன்னொன்று: அந்த மங்குகளைப் பித்தளைச் சாமான்களோடு ஒரே அலமாரியில் அடுக்கியிருக்கிறீர்கள். செம்பு பட்டால் ரப்பர் பிசுபிசுத்துச் சிதையும். பிரித்து வையுங்கள்.

இடம் போதவில்லை என்பது உங்கள் தரப்பு. புரிகிறது. ஆனால் இவை குடும்பங்கள் நம்பிக் கொடுத்தவை. கொடுத்தவர்களில் ஒருவரிடமும் கேட்காமல் எடைக்குப் போடும் உரிமை இடப்பற்றாக்குறையால் வந்துவிடாது. 2008-இல் இந்நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததைச் சொல்லித்தான் நுழைவுச்சீட்டு விற்கிறீர்கள்.

நாங்கள் கேட்பவை இவை. கிடங்கு விற்பனையை நிறுத்துவதாக எழுத்தில் அறிவியுங்கள், தீர்மானத்தை ஒட்டிய அதே பலகையில். பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர் வந்து பார்க்கும்வரை மினுக்குவது, வார்னிஷ் அடிப்பது, சாயம் பூசுவது எதுவும் வேண்டாம். அம்மியில் ஏற்கெனவே அடித்ததை அவர் கரைப்பான் கொண்டு எடுக்கட்டும், சாணை பிடித்துத் தேய்க்கக் கூடாது. ஈயச்சொம்பின் குறிப்பட்டையை, சோதனை முடியும்வரை, இந்த வாரமே கழற்றிவிடுங்கள். குண்டானில் பண்டிகை நாள் சமையல் செய்து காட்டும் எண்ணம் இருந்தால், கலாய் பூசாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். காட்சிக்கு உரியதை விட்டுவிட்டு வேறு பாத்திரம் கேளுங்கள், நாங்களே பூசித் தருகிறோம்.

கிடங்கைத் திறந்துவிட்டால் நாங்கள் கூலியில்லாமல் வந்து அடையாளம் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பெயர், எடை, அளவு, தேய்மானத்தின் இடம், நான்கு பக்கப் படம் பதிவாக வேண்டும். எண்ணை நேரே எழுதாமல், பாரலாயிட் பி-72 என்ற நிறமற்ற பிசின் ஒரு பூச்சு, அதன் மேல் மையில் எண், மறுபடி ஒரு பூச்சு. வேண்டாதபோது அசிட்டோனில் போய்விடும். துரு உள்ள பொருளுக்குப் பருத்தி நூலில் அட்டை. ஒட்டுப்பட்டை எதிலும் வேண்டாம். குறிப்பட்டைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பது போலத் தமிழிலும் வர வேண்டும். தமிழ் வாசகத்தை நாங்கள் எழுதித் தருகிறோம், நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே வைக்க இடமில்லாதவற்றை முதலில் கொடுத்த குடும்பங்களுக்கும், பிறகு பள்ளிகளுக்கும், பிற காட்சியகங்களுக்கும் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் நகலும் பதிவேட்டில் இருக்கட்டும்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். அதுவரை கிடங்கின் சாவி பழைய இரும்புக்காரரிடம் போகாது என்ற உறுதியை மட்டும் நாளைக்கே தாருங்கள்.

இப்படிக்கு,
பாத்திரம், கல், தகரம், தோட்டக் கருவி பழுதுபார்க்கும் சிலர்
ஜோர்ஜ்டவுன், பினாங்கு